உட்கார்ந்து நாய் தேடுகிறவர்

உங்கள் வீட்டில் எதுவுமே தொலைந்ததில்லை என்றால் இந்த ரக மனிதரை நீங்கள் சந்தித்திருக்க முடியாது. ஒரு பூனையாவது, அடை வைத்த கோழியாவது, கயிற்றை அறுத்துக்கொண்டு போன கன்றுக்குட்டியாவது தொலையட்டும். நீங்கள் வாசலுக்கு வந்து தெருவின் இரண்டு கோடியையும் ஒருதரம் பார்த்துவிட்டு உள்ளே திரும்புவதற்குள் அவர் வந்திருப்பார். யார் சொல்லி அனுப்பினார்கள்? யாரும் அனுப்பவில்லை. தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நாற்காலியைத் தட்டி, உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி அண்ணாந்து குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல பதறக்கூடாது" என்பார். உங்கள் பதற்றம் ஒன்றுதான் அதுவரை அந்தப் பிராணியைத் தேடிக்கொண்டிருந்தது. அதையும் நிறுத்திவிடுவார்.

ஊரில் இவரைத் 'தேடிக் கொடுக்கிறவர்' என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. சரியான பெயர் 'உட்கார்ந்து தேடுகிறவர்'. திருடனைத் தேடுகிற போலீஸ்காரரும் கடவுளைத் தேடுகிற சந்நியாசியும்கூடக் கொஞ்சமாவது நடக்கவேண்டியிருக்கிறது. நம்முடையவருக்கு அந்தச் சிரமம் கிடையாது.

அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கடைசியா எங்கன வச்சுப் பாத்தீரு?" நீங்கள் சொல்லுவீர்கள்: கிணற்றடியில், அல்லது வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில். உடனே கையை வீசி, "அங்கன இருக்காது" என்பார். ஏன் இருக்காது? அங்கே இருந்தால் அது எப்படித் தொலைந்ததாகும்? இது உண்மைதான். மறுக்கவே முடியாத உண்மை. தத்துவப் புஸ்தகங்களில் இந்த மாதிரி உண்மைகள் ஏராளமாகக் கிடைக்கும். யாராலும் மறுக்க முடியாது, யாருக்கும் உபயோகப்படவும் செய்யாது. ஆனால் புஸ்தகத்தை மூடி வைத்துவிடலாம். இவர் மூடமாட்டார்.

அடுத்தது பழைய வெற்றிகள். திருவேங்கடத்தில் ஒரு மயிலைக்காளை காணாமற்போய் ஊரே தேடிச் சலித்துப்போன சமயத்தில் இவர் ஒரு வார்த்தை சொன்னாராம், பொழுது சாய்வதற்குள் காளை தொழுவத்தில் நின்றதாம். இளையரசனேந்தலில் ஒரு சம்சாரியின் வெள்ளாடு. அதுவும் இவர் சொன்ன மறுநாள் வந்துவிட்டதாம். மாடும் ஆடும் பொழுது சாய்ந்தால் பசியெடுத்து வீட்டுக்கு வருகிற பழக்கமுள்ளவை என்பதை அந்த நேரத்தில் நீங்கள் நினைவூட்டக்கூடாது. நினைவூட்டினால் அவர் கோபப்படமாட்டார். ஆனால் அந்த மயிலைக்காளையின் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். கதை முடிகிறவரை உங்கள் பிராணி நடந்துகொண்டே இருக்கும்.

அதன் பிறகு திசை பார்ப்பார். பல்லி சொன்ன பக்கம், காக்கை பறந்த பக்கம், அன்றைய நட்சத்திரத்துக்கு விலக்கான பக்கம், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒரு திசையைச் சொல்லுவார். அந்தத் திசையில் நீங்கள் போகவேண்டும். அவர்? "எல்லாரும் போயிட்டா, சேதி வந்தா வாங்கதுக்கு இங்கன ஒரு ஆளு வேண்டாமா?" என்பார். வேண்டியதுதான். அந்த ஆளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் இலை போடவும் வேண்டியதுதான்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் நான் மிகைப்படுத்துவதாக நினைப்பீர்கள். ஒருவரையே எடுத்துக்கொள்வோம்.

சங்கரன்கோவிலில் காசிராஜன் அண்ணாச்சி என்று ஒருவர் இருந்தார். ஊருக்கெல்லாம் அண்ணாச்சி. கொஞ்சம் நஞ்சை, நிறைய ஓய்வு. சுதந்திரம் வந்து மூன்றாம் வருஷம், ஆடித் தபசுத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்த சமயம். நூல் கடை ராஜதுரையின் வீட்டு நாயைக் காலையிலிருந்து காணோம் என்ற செய்தி எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிட்டது. நாய் கிடைக்காமற்போனால் ஒரு மனுஷிக்கு எவ்வளவு வலிக்கும் என்பது மட்டும் எட்டவில்லை. அந்த மனுஷி ராஜதுரையின் மனைவி இசக்கித்தாய்.

வேறு சமயமாக இருந்தால் நாய் ஒருநாள் ஊரைச் சுற்றிவிட்டு வரட்டும் என்று விட்டுவிடலாம். தபசுச் சமயத்தில் விடமுடியாது. பட்டிதொட்டிகளிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வரப்போகிற ஜனங்களின் கணுக்கால்களைக் காப்பாற்றுவதற்காகப் பஞ்சாயத்தார் தமுக்கடித்துச் சொல்லியிருந்தார்கள்: கழுத்தில் லைசென்சு வில்லை இல்லாத நாய்களையெல்லாம் பிடித்துவிடுவோம். பிடித்து என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். மூங்கில் நுனியில் சுருக்குக் கம்பியும் பின்னால் ஒரு கூண்டு வண்டியுமாக ஆட்கள் அன்று காலையிலேயே புறப்பட்டாயிற்று. ராஜதுரை வீட்டு நாய்க்கு லைசென்சு வில்லை இருந்தது. ஆனால் அது வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்துப்பட்டை போட்டால் நாய்க்கு வளர்த்தி நின்றுபோகும் என்று தை மாசத்தில் ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இனி நாயின் பெயர். கதை இதில்தான் இருக்கிறது.

ராஜபாளையத்திலிருந்து குட்டியாக வாங்கி வந்த வெள்ளை நாய் அது. சிவந்த மூக்கு, நீண்ட கால். ராஜபாளையத்து நாய்க்கு ராஜா என்று பெயர் வைப்பதைவிடப் பொருத்தம் உண்டா என்று ராஜதுரை நினைத்தார். பொருத்தந்தான். ஆனால் வீட்டில் அந்த நாய்க்குச் சோறு வைக்கிறவள் ராஜதுரையின் மனைவி என்பதை அவர் நினைக்கவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்க்கப்பட்டவள் இசக்கித்தாய். முழுப்பெயர் மட்டுமல்ல, அதில் ஒரு துண்டுகூட அவள் வாயில் வராது. நாய் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், "அந்த மில்லு ஊருல வாங்கினது" என்பாள். அப்படிப்பட்டவள் முற்றத்தில் நின்றுகொண்டு, "ராஜா, ஏ ராஜா, வாலே சோறு திங்க" என்று கூப்பிடுவாளா?

கூப்பிடவில்லை. வேறு பெயர் வைத்தாள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கு அவளைக் குறை சொல்லமுடியாது. அந்த நாய் இலை போடுகிற சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் வந்துவிடும். வந்து வாசலில் குறுக்கே படுத்துக்கொள்ளும். யார் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும், எழுந்திருக்காமல், ஒருதரம் உறுமிவைக்கும். இந்த மூன்று லட்சணங்களும் ஒருங்கே அமைந்த ஒரு மனிதரை அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அவர் பெயரிலும் பின்பாதி அவளுக்கு ஆகாது. புருஷன் பெயர் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பாதியை எடுத்துக்கொண்டாள். ஆக, ராஜதுரைக்கு ராஜாவாக இருந்த நாய், சோறு போடுகிறவளுக்குக் காசியாக இருந்தது. நாய்க்கு எந்தப் பெயர் நிலைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ராஜதுரை காலையில் கடைக்குப் போனால் விளக்கு வைத்தபின் வருகிறவர். சோறு இரண்டு வேளையும் காசிக்குத்தான் விழுந்தது.

இந்த ரகசியம் அவளுக்கும் பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாளுக்கும் தெரியும். நாய்க்கும் தெரியும்.

அன்று காலையில் காசிராஜன் அண்ணாச்சி வந்து வாசல் நடையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு முதல் காரியமாகப் புறவாசல் கதவைப் பூட்டச் சொல்லிச் சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். ஏனென்றால் நாய் முன்வாசல் வழியாகப் போயிருக்கிறது. போன வழியாகத்தான் வரவேண்டும். இன்னொரு வழி திறந்திருந்தால் அதற்குக் குழப்பமாக இருக்கும். பிறகு நாயின் நட்சத்திரத்தைக் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. பாதகமில்லை என்று ராஜதுரையின் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு பார்த்ததில் தெற்கு என்று வந்தது.

"ராஜதுரை, நான் சொல்லுதேன் கேளும். சைக்கிள எடும். மேலநீலிதநல்லூர் ரோட்டுல ஒரே மிதியா மிதியும். வழியில வெள்ளையா எந்த நாயக் கண்டாலும் பேரச் சொல்லிக் கூப்பிடணும். திரும்பிப் பாத்தா நம்ம நாயி. திரும்பலையா, மேல போயிக்கிட்டே இரும்."

"அண்ணாச்சி, கடையப் பூட்டணுமே. ஊருக்குள்ள ஒருதரம் தேடிட்டு…"

"ஊருக்குள்ள தேட மூக்காண்டி போதும் வே. நீரு மொதலாளி, நீரு போயி ரோட்டப் பாரும். எல்லாரும் ஒரு பக்கமே தேடுனா அது தேடுறதா?"

ராஜதுரை சைக்கிளை எடுத்தார். நல்ல மனிதர், நூல் விலையைத் தவிர மற்ற எந்த விஷயத்திலும் அடுத்தவர் சொல்லுக்குக் கட்டுப்படுகிறவர். கடையில் நூல் மூட்டை சுமக்கிற மூக்காண்டி ஊருக்குள் புறப்பட்டான். அவனுக்கு நாயைத் தூரத்தில் பார்த்த பழக்கந்தான். தெருத்தெருவாக அவன் "ராசா, ஏ ராசா" என்று கத்திக்கொண்டு போனதில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் திரும்பினார், ஒரு தறிக்காரர் எட்டிப் பார்த்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் என்னவென்று கேட்டார்கள். நாய் எதுவும் திரும்பவில்லை.

அடுக்களையில் இசக்கித்தாய் அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆறுதல் சொல்லுவதற்காகச் சுந்தரம்மாள் வந்திருந்தாள். ஆறுதல் சொல்லுகிற குணம் அவளுக்குக் கொஞ்சம் குறைவு.

"ஏட்டி, நீ தெருவுல நின்னு ஒரு சத்தம் குடுத்தா ஓடி வந்துருமே."

"எப்படிக்கா குடுக்க? வாசல்ல இருக்க ஆளுல்லா எந்திரிச்சு வரும்."

"வரட்டுமே. ரெண்டுக்கும் ஒரே தட்டுல வச்சுரு."

"சிரிக்காதியக்கா. நாய் வண்டிக்காரன் வந்திருக்கானாம். அந்தக் கம்பியப் பாத்திருக்கியளா? கழுத்துல போட்டு ஒரு இழுப்பு இழுத்தான்னா கண்ணு பிதுங்கிரும்."

"அப்ப போயிக் கூப்பிடு."

"அவரு காதுபட எப்படிக்கா? ஊருக்குப் பெரிய மனுசன். இவுக தலை நிமிந்து நடக்க வேண்டாமா?"

'இவுக' என்றது ராஜதுரையை. கவனியுங்கள், இங்கேயும் பெயர் இல்லை. ஒரு பெயரைச் சொல்லக்கூடாது என்று நாய்க்கு வேறு பெயர் வைத்தாள்; இன்னொரு பெயரைச் சொல்ல முடியாது என்று அதைத் தேடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளை ரொம்பவும் புகழ நான் தயாராக இல்லை. மரியாதை என்பது நல்ல பொருள்தான்; ஆனால் அதன் விலையை இங்கே வேறொரு ஜீவன் கொடுக்கவேண்டியிருந்தது.

உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் மூக்காண்டி திரும்பி வந்தான். குரல் கட்டியிருந்தது.

"என்னலே, உண்டா?" என்றார் அண்ணாச்சி.

"உண்டுன்னும் சொல்ல முடியல, இல்லைன்னும் சொல்ல முடியல அண்ணாச்சி. வண்டிப்பேட்டைல ஒரு பாரவண்டிக்கு அடியில ஒண்ணு படுத்துக் கெடக்கு. நம்ம நாய் சைசுதான். ஆனா மேலெல்லாம் வண்டி அச்சு மை அப்பிக் கெடக்கு. வெள்ளையா கருப்பான்னு அதுக்கே தெரியாது."

"பேரச் சொன்னியா?"

"தொண்ட கட்டுற அளவுக்குச் சொன்னேன். ராசா ராசான்னு. ஒரு கண்ணத் தொறந்து என்னையப் பாத்துட்டு மூடிக்கிட்டு."

"திரும்பலேல்லா?"

"திரும்பல."

"அப்ப அது நம்ம நாயில்ல. போ, மேல ரத வீதி பாக்கி இருக்கு."

இந்தத் தர்க்கத்தில் எங்கே குறை என்று கண்டுபிடியுங்கள் பார்க்கலாம். ராஜதுரையின் நாய் ராஜா. ராஜா என்று கூப்பிட்டால் ராஜா திரும்பும். இந்த நாய் திரும்பவில்லை. ஆகவே இது ராஜதுரையின் நாய் அல்ல. காசியில் படித்து வந்த பண்டிதருக்குக்கூட இதில் விரல் வைக்க இடம் இருக்காது. குறை ஒன்றே ஒன்றுதான்: அந்த நாயிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

மூக்காண்டி போகிற போக்கில், "நாய் வண்டி கீழ ரத வீதிய முடிச்சுட்டு வண்டிப்பேட்டைக்குத்தான் வருதாம்" என்றான்.

"வரட்டும். தபசு நேரம், ஊரு சுத்தமாகட்டும்" என்றார் அண்ணாச்சி, மனத்திருப்தியோடு.

அடுக்களையில் இது கேட்டது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும் நாய் சங்கரன்கோவிலில் ஒன்றுதான் உண்டு என்று இசக்கித்தாய்க்குத் தெரியும். எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி, பொறவாசல் சாவியக் கொஞ்சம் தாங்களேன்."

"எதுக்கு தாயி?"

"ஒரு எட்டு பேட்டைக்குப் போயிட்டு வந்துருதேன்."

"நீ பதறுத. நான் வந்ததும் என்ன சொன்னேன்? பதறக்கூடாது. அது நம்ம நாயில்லன்னு இப்பத்தான் பாத்து முடிச்சாச்சு. போயி உலைய வையி. தேடப் போனவுக பசியோட வருவாக."

தேடப் போகாதவருக்கும் பசிதான் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவள் அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கித் தெருவில் நடந்தாள். நடந்தாள் என்று மரியாதைக்குச் சொல்லுகிறேன். சுந்தரம்மாள் பின்னால் ஓடினாள். தன்னுடைய உத்தரவில்லாமல் ஒரு தேடுதல் நடக்கிறது என்பதைக் கண்ட அண்ணாச்சி, அன்றைக்கு முதல் தடவையாக நாற்காலியை விட்டு எழுந்தார்.

வண்டிப்பேட்டையில் அவிழ்த்துப் போட்ட வண்டிகள், அசைபோடும் மாடுகள், வைக்கோல், சாணம், தபசுக்கு முந்தியே வந்துவிட்ட கிராமத்து ஜனங்கள். பாரவண்டியின் இரண்டு பக்கமும் நாய் பிடிக்கிற ஆட்கள் குனிந்து நின்றார்கள். ஒருவன் கம்பியை மெல்ல உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். வண்டிக்கடியில் கரிமூட்டை மாதிரி ஏதோ ஒன்று கிடந்தது.

"நிறுத்துங்கய்யா, அது எங்க நாயி."

கம்பி வைத்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். இந்தப் பேச்சை அவன் தினமும் நூறு பேரிடம் கேட்டிருப்பான். "கழுத்துல வில்லை இல்லையேம்மா."

"வில்லை வீட்டுல கெடக்கு."

"வீட்டுல கெடந்தா வீட்டுக்குல்லா லைசென்சு? சரி, உங்க நாய்னா பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. எந்திரிச்சு வந்தா விட்டுருதேன். எனக்கென்ன?"

அவள் நாக்கைச் சொடுக்கிப் பார்த்தாள். "இந்தா, இந்தா" என்றாள். "ஏ பிள்ள" என்றாள். கரிமூட்டை அசையவில்லை. அதற்குள் அண்ணாச்சி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்து, கூட்டத்தை விலக்கி, அவளுக்குப் பின்னால் நின்று, கைத்தடியை உயர்த்தினார்.

"ஏ அப்பா, நாய் வண்டி! நீ உன் சோலியப் பாரு. அது இவுக நாயில்ல. பேருக்குத் திரும்பாது. நாங்க காலையிலயே பாத்தாச்சு. யம்மா இசக்கித்தாய், வா வீட்டுக்கு. நம்ம நாயி இந்நேரம் மேலநீலிதநல்லூரு ரோட்டுல நிக்கும்."

ஊர்ப் பெரியவர் ஒருவரே சாட்சி சொல்லியாயிற்று. கம்பி வைத்திருந்தவன் மறுபடி குனிந்தான். சுருக்கு நாயின் தலைக்கு ஒரு முழத் தூரத்தில் வந்து நின்று, மெல்ல உயர்ந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மாடுகள்கூட அசைபோடுவதை நிறுத்தின.

"ஏலே காசி! எந்திரிச்சு வாலே இங்கன! சவத்து மூதி, எங்கெல்லாம் உன்னையத் தேட? திங்கதுக்கு மட்டும் நேரத்துக்கு வந்துருதேல்லா? படுத்துக்கிட்டே இருந்தா ஆச்சா?"

கரிமூட்டைக்கு நான்கு கால்கள் முளைத்தன. சுருக்கைத் தாண்டி, சக்கரத்துக்கடியில் புகுந்து, கம்பிக்காரனைத் தள்ளிக்கொண்டு அது பாய்ந்து வந்து அவள் சேலையெல்லாம் வண்டி மையாக்கியது.

அதே சமயத்தில் காசிராஜன் அண்ணாச்சியும் ஒரு எட்டு முன்னால் எடுத்து வைத்து, "இங்கனதான தாயி இருக்கேன்" என்றார்.

மேல ரத வீதிக்குப் போகாமல் கூட்டத்தோடு வந்து நின்ற மூக்காண்டி தலைத்துண்டை அவிழ்த்து வாயில் திணித்துக்கொண்டான். சுந்தரம்மாள் ஒரு மாட்டின் முதுகுக்குப் பின்னால் குனிந்துவிட்டாள். இசக்கித்தாய் நாயைக் கட்டிக்கொண்டு, முகத்தை அதன் கழுத்தில் புதைத்துக்கொண்டு, நிமிரவே இல்லை. நாய் கிடைத்துவிட்டது; இனி ஊரில் தன் புருஷன் எந்த முகத்தோடு நடப்பார் என்பதே அவளுக்கு இருந்த கவலை.

அண்ணாச்சியின் முகத்தையே எல்லோரும் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவனாக நின்ற நானும் பார்த்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம், அந்த மனிதர் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ளப்போகிறார் என்றுகூட எனக்குத் தோன்றியது. நாயைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பிறகு அந்த ஆபத்து நீங்கிவிட்டது. முகம் மலர்ந்தது.

"பாத்தியளா வே?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "எம்பேரச் சொன்னதும் நாயி எந்திரிச்சு வருது பாத்தியளா? பேருன்னா அப்படி இருக்கணும்! இத எனக்குக் காலையிலயே சொல்லத் தோணாமப் போச்சு பாரும்."

அவரைப் பாராட்ட என்னிடம் அதிகம் இல்லை. ஒன்றைச் சொல்லலாம்: அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளுவதற்கு முதலில் விஷயம் புரியவேண்டும்.

பிற்பகலில் ராஜதுரை திரும்பி வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஹாண்டில்பாரில் கட்டிய கயிற்றில் ஒரு வெள்ளை நாயை இழுத்துக்கொண்டு வந்தார். நல்ல பெரிய நாய்; வீட்டு நாயைப்போல ஒன்றரை மடங்கு. அதற்குப் பின்னால் கையில் கம்போடு அய்யாத்துரை என்ற ஒரு சம்சாரி வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"ஏ வே, பட்டப்பகல்ல எங்க நாயக் கட்டி இழுத்துட்டு வாரீரே, உமக்கு வெக்கமா இல்ல?"

"அண்ணாச்சி," என்றார் ராஜதுரை பரிதாபமாக, "ராஜான்னு கூப்பிட்டேன், திரும்புச்சு. மூணு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டேன். கொஞ்சம் வளந்த மாதிரி இருக்கு, பட்டையக் கழத்துனதுனால இருக்கும்னு நெனச்சேன்."

காசிராஜன் அண்ணாச்சி இரண்டு நாய்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் சொன்ன தெசைதான வே? ஒண்ணத் தொலைச்சீரு. ரெண்டு வந்து நிக்குது. இன்னும் என்ன செய்யணும்?" என்று சொல்லிவிட்டுக் கைகழுவ எழுந்தார். இலை போட்டிருந்தார்கள்.

அய்யாத்துரையைச் சமாதானம் செய்து, காப்பி கொடுத்து, அவருடைய ராஜாவோடு அனுப்பிவைத்தார்கள். அதன் பிறகு ஊரில் ஒரு புதிய வழக்கம் ஏற்பட்டது. யார் வீட்டில் எருமையோ கிடாயோ காணாமற்போனாலும் அண்ணாச்சி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, பதறக்கூடாது என்று சொல்லிவிட்டு, "தெருக்கோடியில நின்னு எம்பேர மூணு தடவ சொல்லிக் கூப்பிடும்" என்பார். சொன்னார்கள். சில பிராணிகள் வந்தன, சில வரவில்லை. வராதவை நம்முடையவை அல்ல.

இசக்கித்தாய்க்கு ஒரு வகையில் விடுதலை கிடைத்தது. இனி நாயை வாய்திறந்து கூப்பிடலாம். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். அண்ணாச்சியே கேட்டுச் சந்தோஷப்படுவார். ஆனால் விடுதலைக்கும் ஒரு செலவு உண்டு. இரண்டு வேளையும் அவள் முற்றத்தில் நின்று, "ஏ காசி, வா சோறு திங்க" என்று கூப்பிடும்போது இரண்டு பேரும் வந்துவிடுகிறார்கள். நாய்தான் கொஞ்சம் பிந்தி வருகிறது என்று சுந்தரம்மாள் சொல்லுகிறாள்.

கதை முடிந்தது. நீங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று தெரிகிறது. உங்களுக்குச் சில விஷயங்கள் சொல்லவேண்டியிருக்கிறது. மூக்காண்டியின் காதில் அந்தப் பெயரை ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருக்கலாமே. சுந்தரம்மாளையாவது பேட்டைக்கு விரட்டியிருக்கலாமே. ஒரு கருவாட்டுத் துண்டை வண்டிக்கடியில் எறிந்திருந்தால் பெயரே வேண்டியிருக்காதே. அந்த வில்லையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே. இப்படி ஒவ்வொரு பத்தியிலும் உங்களுக்கு ஒன்று தோன்றிக்கொண்டே வந்திருக்கும். அந்த அம்மாளின் புத்தியை எண்ணிக் கொஞ்சம் வருத்தமும் பட்டிருப்பீர்கள். எல்லாம் நல்ல யோசனைகள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இவ்வளவையும் எங்கே உட்கார்ந்துகொண்டு யோசித்தீர்கள்?